தொட்டிக் கல்லுக்குப் பசை இரண்டாம்பட்சம்

உப்புநீர் மீன் தொட்டியில் அடுக்கிய கல் சரிந்தால் பழி பசைமேல்தான் விழும். பெரும்பாலும் தப்பு அடுக்கியதில் இருக்கும். பசையைத் தொடும் முன்பே கல் மூன்று இடத்தில் ஊன்றி நிற்க வேண்டும், விரலால் தள்ளினால் ஆடக் கூடாது. ஆடினால் திருப்பி வையுங்கள், இல்லை உளியால் ஒரு முனையைத் தட்டிவிடுங்கள். அடிக்கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். அடிக் கண்ணாடியில் மெல்லிய அக்ரிலிக் தகடு, அதன்மேல் கல், மணல் கடைசியில். குழி பறிக்கும் மீன் ஒன்று இருந்தால் போதும், மணல்மேல் நிற்கும் கல் விடிவதற்குள் சாய்ந்திருக்கும்.

மண்டபம், கீழக்கரைப் பக்கம் கரையில் முருகைக்கல், அதாவது பவளக் கல், காலில் இடறும். எடுக்காதீர்கள். கடினப் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. செத்து ஒதுங்கிய துண்டுக்கும் விலக்கில்லை. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரில் அந்தக் கல்லைக் கண்ணால் பார்க்கலாம், அத்தோடு சரி. தொட்டிக்குச் செயற்கைக் கல்லே போதும்.

சின்னக் கல்லுக்கு சூப்பர் குளூ, அதுவும் ஜெல் ரகம். தண்ணீராய் ஓடுவது கல்லின் துளைக்குள் இறங்கிவிடும். பட்டாணி அளவு வைத்து அழுத்தி, இடுக்கில் கல் தூளைத் தூவினால் சட்டென்று இறுகும். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். பஞ்சில் பட்டால் இந்தப் பசை சூடேறிப் புகையும், விரல் வெந்துபோகும். கடற்காற்றின் ஈரத்தில் திறந்த டியூப் சீக்கிரம் கல்லாகிவிடும், அரிசி போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

தண்ணீருக்குள் ஒட்ட ஜெல் மட்டும் போதாது, எபாக்ஸி (இரண்டு பாகத்தைச் சேர்த்துப் பிசையும் களிமண் போன்ற பசை) மட்டும் வைத்தாலும் வழுக்கும். இரண்டும் சேர வேண்டும். எபாக்ஸியை ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, இருபுறமும் ஜெல் தடவுங்கள். தண்ணீர் பட்டதும் ஜெல்மேல் ஏடு கட்டும். அந்த ஏடு கிழியும்படி திருகி அழுத்தினால்தான் பிடிக்கும். ஒரே நாளில் நிறைய வைத்தால் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) நுரைத்துப் பொங்கி வழியும், ஒருநாள் அதைக் குறைத்து வையுங்கள். இரும்புத்தூள் கலந்த எபாக்ஸி, பூஞ்சைக்கொல்லி சேர்த்த குளியலறை சிலிக்கான், செம்புக் கம்பி மூன்றும் வேண்டாம். செம்பு இறால், நத்தைகளைக் கொன்றுவிடும்.

வளைவு, தொங்கும் கல் என்றால் பாரத்தைக் கம்பி சுமக்கட்டும். 6 மி.மீ. அக்ரிலிக் கம்பிக்கு 8 மி.மீ. துளை, டிரில்லின் சுத்தியல் அதிர்வை அணைத்துவிட்டு மெதுவாகப் போடுங்கள். மீதி இடைவெளியில் எபாக்ஸி.

சிமென்ட் மலிவு, உறுதியும்கூட. ஆனால் நம் ஊரில் குடிக்கவே குடத்தோடு அலையும்போது, அது கேட்கும் தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு கழுவிய கரடு மணல். கல்லை நனைத்துவிட்டுப் பூசி, மூன்று நாள் ஈரச்சாக்கு போர்த்துங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நாலு வாரம் ஊறட்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து பிஹெச் (தண்ணீரின் காரத்தைக் காட்டும் அளவு) ஏறும், மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். மாற்றிய தண்ணீர் மூன்று நாள் நின்ற பிறகும் பிஹெச் 8.5க்குக் கீழே இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் ஊறவிடுங்கள்.