கோப்பரகேசரி என்றால் எந்தச் சோழன்?

காவிரிக் கரைக் கோயில் கல்வெட்டில் ‘கோப்பரகேசரி’ என்று கண்டதும் ராஜேந்திரன் என்று முடிவு கட்டாதீர்கள். ‘கோ’ என்றால் அரசன்; பரகேசரி, ராஜகேசரி இரண்டும் சோழர்கள் மாறிமாறிச் சூடிய பட்டங்கள். அடைமொழிதான் ஆளைக் காட்டும்: ‘மதிரை (மதுரை) கொண்ட’ என்றால் முதல் பராந்தகன், ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்றால் ஆதித்த கரிகாலன். ‘திருமகள் போல’ என்று மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழுரை) தொடங்கினால் முதல் ராஜராஜன், ‘திருமன்னி வளர’ என்றால் ராஜேந்திரன்.

அடுத்து ‘யாண்டு’, அதாவது அரசனின் ஆட்சியாண்டு. ராஜராஜன் பட்டமேற்றது 985இன் நடுவில். பட்டமேற்றதிலிருந்தே முதல் ஆண்டு தொடங்குவதால், 25ஆம் ஆண்டு என்றால் 24ஐக் கூட்டுங்கள், 1009இல் தொடங்கும். அந்த ஆண்டின் 275ஆம் நாள் 1010 ஏப்ரலில் விழும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு ராஜராஜன் கலசம் கொடுத்த தேதி அது. நேரடியாக 25ஐக் கூட்டுவதே வழக்கமான பிழை.

பாண்டியர் கல்வெட்டு இன்னும் சிக்கல். சடையவர்மன், மாறவர்மன் பட்டங்களோடு ஒரே பெயரில் பலர். ஒரே காலத்தில் சேர்ந்தும் ஆண்டார்கள். ‘சோணாடு வழங்கியருளிய’ (சோழநாட்டைத் திருப்பிக் கொடுத்த) என்றிருந்தால் கவலையில்லை: 1216இல் பட்டமேறி, தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) எரித்த மாறவர்மன் சுந்தரபாண்டியன்.