ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடிப்பீர்கள்?

மடிப்பு சைக்கிள் வாங்கப் போகிறேன், எதை வாங்கட்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான். எடை, கியர், டிஸ்க் பிரேக் எல்லாம் அதற்குப் பிறகு. தினமும் ரயிலேறி வேலைக்குப் போகிறவர் வீட்டில் மடித்து, ஸ்டேஷனில் மடித்து, வேலையிடத்தில் மடித்து, திரும்பி வரும்போதும் அதையே செய்வார். காரில் போட்டுக்கொண்டு போய் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிறவர் வாரத்துக்கு ஒரு தடவை மடிப்பார். விமானத்தில் கொண்டுபோய் ஒரு மாதம் சுற்றிவிட்டு வருகிறவர் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று மடித்தால் அதிகம். இந்த மூன்று பேருக்கும் ஒரே சைக்கிளைக் கைகாட்டினால் இரண்டு பேர் ஆறே மாதத்தில் அதை மூலையில் போட்டுவிடுவார்கள்.

இந்த வித்தியாசம் பழையதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பாராசூட் படைக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மடிப்பு சைக்கிளில் சட்டத்தின் நடுவே கீல் வைத்து, கையாலேயே திருகும் இறக்கை நட்டுகளால் இறுக்கியிருந்தார்கள். வீரர் தரையிறங்கி ஒரு முறை விரித்தால் போதும். அதே இறக்கை நட்டுகளைத் தினமும் காலையும் மாலையும் திருகச் சொன்னால் யாருக்கும் பொறுமை இருக்காது. 1970களின் நடுவில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி தன் வீட்டு ஜன்னலில் தெரிந்த பிராம்ப்டன் ஆரட்டரி தேவாலயத்தின் பெயரை வைத்து உருவாக்கிய பிராம்ப்டன் சைக்கிளோ நகரவாசிக்கானது, நாளெல்லாம் மடிப்பதற்கென்றே யோசிக்கப்பட்டது. பின்சக்கரம் அடியில் சுழன்று போகும், முன்பகுதி பக்கவாட்டில் வந்து சேரும், ஹேண்டில்பார் கீழே விழும், சீட்டை இறக்கினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஒளிந்துகொள்வதால் பேண்ட்டில் கறை படாது. பக்கத்தில் நிற்கிறவர் மேலும் படாது. நெரிசலான ரயில் பெட்டியில் இது பெரிய விஷயம்.

டாஹோன், டெர்ன் நிறுவனங்களின் வகையில் சட்டம் நடுவில் இரண்டாக மடியும். மடிப்பதற்குச் சுலபம், ஓட்டுவதற்கு வசதி, உதிரிபாகங்களும் பெரும்பாலும் சாதாரண சைக்கிளுடையவையே. ஆனால் மடித்த உருவம் கொஞ்சம் பெரிசு, செயின் வெளிப்பக்கம் நிற்கும். ஜெர்மன் நிறுவனமான ரீஸ அண்ட் முல்லரின் பேர்டி சைக்கிளில் பிரதான சட்டத்தில் கீலே கிடையாது. குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் மூட்டுகளே மடிப்பு மூட்டுகளாகவும் வேலை செய்யும். அமெரிக்காவின் யூஜீன் நகரத்துக்காரர்களான பைக் ஃப்ரைடே நிறுவனத்தார் பெரும்பயண சைக்கிள்களுக்குப் பெயர்பெற்றவர்கள். அவர்களுடைய சைக்கிள் சூட்கேஸுக்குள் போகும், அந்த சூட்கேஸையே சக்கரம் மாட்டிப் பின்னால் இழுத்துப் போகும் வண்டியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். தினசரி மடிப்புக்கு ஒன்று, நெடும்பயணத்துக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நடுவில் மடிகிற 20 அங்குலச் சக்கர சைக்கிளைத்தான் வைத்துக்கொள்வேன்.

கடையில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். விற்பவர் மடித்துக் காட்டுவதை ரசித்துவிட்டு வராதீர்கள், நீங்களே மடியுங்கள். திரும்பத் திரும்ப, வேர்க்கும்வரை. மடித்ததைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். 12 கிலோவுக்கும் 11 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எங்கே பிடித்துத் தூக்குவது, பெடல் முழங்காலில் இடிக்கிறதா, தூக்காமல் உருட்டிக்கொண்டு போக முடிகிறதா என்பதுதான் தெரியும். நீங்கள் கனமான ஆள் என்றால் எடை வரம்பையும் கேளுங்கள். பல மாடல்களுக்கு அது 105, 110 கிலோதான், பையும் அதில் சேர்த்தி.

அடுத்தது டயர். 16 அங்குலம், 20 அங்குலம் என்று பொதுவாகச் சொல்வதை நம்பி டயர் வாங்கக் கூடாது. 16 அங்குலம் என்ற ஒரே பெயரில் 305 மி.மீ., 349 மி.மீ. என்று இரண்டு ரிம்கள் உண்டு, 20 அங்குலத்தில் 406, 451 என்று இரண்டு. ஒன்றுக்கான டயர் மற்றதில் ஏறாது. டயரின் பக்கச் சுவரில் 47-406 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். 406 என்பது சாகச ஓட்டத்துக்கான பி.எம்.எக்ஸ். சைக்கிளின் அளவு, 305 சிறுவர் சைக்கிளின் அளவு. அதனால் எந்த ஊரிலும் டியூபாவது கிடைத்துவிடும். பிராம்ப்டனின் 349 அப்படியல்ல. அதை எடுத்துக்கொண்டு வெளியூர் போனால் இரண்டு டியூபும் ஒரு டயரும் பையில் இருக்க வேண்டும்.

சின்னச் சக்கரம் என்றால் மெதுவாகத்தான் போகும் என்பது இன்னும் பலருடைய நம்பிக்கை. 1962இல் பிரிட்டிஷ் பொறியாளர் அலெக்ஸ் மோல்டனின் சின்னச் சக்கர சைக்கிள் வெளிவந்தது. அதே வருஷம் டிசம்பரில் பந்தய வீரர் ஜான் வுட்பர்ன் அதில் கார்டிஃப்பிலிருந்து லண்டனுக்கு ஓட்டி அந்தப் பாதையின் வேகச் சாதனையை முறியடித்தார். வேகத்தைத் தீர்மானிப்பது பல்சக்கரக் கணக்கு. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர் உருளும். முன்னால் 52 பல், பின்னால் 11 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு 7 மீட்டருக்கு மேல் போகும், அது வேண்டிய அளவு வேகம். குறை மறுமுனையில்தான். பின்னால் பெரிய பல்சக்கரம் 28 என்றால் மிக லேசான கியரே ஒரு சுற்றுக்கு 2.8 மீட்டர். மூட்டையோடு மேடு ஏற இது கனம், முழங்காலுக்குக் கெடுதல். என்னுடைய 20 அங்குலத்தில் முன்னால் 44 பல், பின்னால் 11 முதல் 32 வரை. லேசான கியர் 2 மீட்டர் சொச்சம், கனமானது 6 மீட்டர். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால் அந்த 6 மீட்டரில் மணிக்கு 28 கிலோமீட்டருக்கு மேல் போகலாம், மூட்டையோடு அதற்கு மேல் எனக்கு வேண்டாம். முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்கினால் செயினையும் குறுக்க வேண்டியிருக்கும், அதைச் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

சின்னச் சக்கரத்தின் நிஜமான குறை குழி. பெரிய சக்கரம் தாண்டிப் போகிற பள்ளத்தில் சின்னது இறங்கிவிடும், ஹேண்டிலும் சட்டென்று திரும்பும். அகலமான டயர் போட்டு, காற்றைக் கல்லாக அடிக்காமல் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் பாதிக் குலுக்கல் போய்விடும்.

இனி பராமரிப்பு. கீலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் எந்த சைக்கிளுக்கும் உள்ளதே.

கீல் லீவரை மூடும்போது பாதி தூரத்திலேயே கையில் எதிர்ப்பு தெரிய வேண்டும். கடைசியில் உள்ளங்கையால் அழுத்தித் தள்ளித்தான் மூட வேண்டும். ஒரு விரலால் மூட முடிகிறது என்றால் அது தளர்ந்துவிட்டது. பெரும்பாலான நடுமடிப்பு சைக்கிள்களில் லீவருக்குள் இறுக்கம் சரிசெய்கிற ஒரு போல்ட்டோ நட்டோ இருக்கும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மூடிப் பார்த்து, மறுபடி திருப்ப வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் லீவரின் அச்சு ஊசி தேயும். பிறகு முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஒரு விரல் நுனியைக் கீலின் இரண்டு முகங்களும் சேர்கிற கோட்டின் மேல் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். ஹேண்டில்பார் தண்டின் கீலுக்கும் இதேதான், அங்கே இன்னும் கவனம் வேண்டும். நடுக்கீல் தளர்ந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும். ஹேண்டில் தண்டு தளர்ந்து ஓடும்போது திறந்துகொண்டால் பிடிக்க ஒன்றுமே இருக்காது. ஏறி உட்காருவதற்கு முன் இரண்டு லீவரையும், அவற்றின் பாதுகாப்புக் கொக்கிகளையும் கையால் தொட்டுப் பார்க்காமல் நான் ஒருநாளும் கிளம்புவதில்லை.

மாதத்துக்கு ஒரு தடவை கீலைத் திறந்து வைத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு முகங்களுக்கும் நடுவே மணல் துகள் ஒன்று இருந்தாலும் மிதிக்கும்போது கிறீச்சிடும். பலர் உடனே எண்ணெய் விடுவார்கள், எண்ணெயில் மேலும் மணல் ஒட்டும். உலர்ந்த துணியால் இரண்டு முகங்களையும் துடைத்துவிட்டு, சுழலும் அச்சுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்புறம் வெல்டிங் ஓரத்தில் பெயிண்டைப் பாருங்கள். முடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால், துடைத்தும் கோடு போகாவிட்டால், அலுமினியச் சட்டமாக இருக்கும்பட்சத்தில் ஓட்டுவதை அன்றே நிறுத்துங்கள். அலுமினியம் வளைந்து எச்சரிக்காது, விரிசல் விட்டு உடையும்.

கேபிள்கள் மடிப்பு சைக்கிளில் சீக்கிரம் போகும். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்வதால் வெளியுறை அங்கே வெடிக்கும். மெதுவாக மடித்துக்கொண்டே கேபிளின் வளைவைக் கவனியுங்கள். எங்காவது மடங்கி நெரிந்தால் நீளம் போதவில்லை அல்லது பாதை தவறு. சாதாரண சைக்கிள் மட்டும் பார்த்துப் பழகிய மெக்கானிக், அழகாக இருக்கட்டும் என்று கேபிளைக் குட்டையாக வெட்டிவிடுவார். மடித்துக் காட்டி, மடித்த நிலையிலேயே அளந்து வெட்டச் சொல்லுங்கள்.

சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டில் கிரீஸ் தடவாதீர்கள். தினமும் ஏறி இறங்குவதால் அது துரு பிடித்து மாட்டிக்கொள்ளாது. கிரீஸ் தடவினால் ஓட்ட ஓட்ட இறங்கிக்கொண்டே போகும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும். குறைந்தபட்சம் எதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று போஸ்ட்டில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி உயர்த்தாதீர்கள். இவ்வளவு நீளமான போஸ்ட்டில் நெம்பும் விசை அதிகம்.

சக்கரம் சின்னது என்பதால் எல்லாம் அதிகமாகச் சுற்றும். பெரிய சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 480 சுற்று சுற்றினால் 349 சக்கரம் 770 சுற்று சுற்றும். டயர், சக்கர நடுவிலுள்ள ஹப் பேரிங், ரிம்மையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் இருந்தால் ரிம், எல்லாம் அதே விகிதத்தில் தேயும். ரிம்மில் தேய்மானக் குறி இருந்தால் அது மறைந்த அன்று ரிம்மை மாற்றுங்கள். செயினுக்கு ஸ்கேல் போதும்: 12 அங்குலத்தில் 24 கண்ணி வர வேண்டும், கடைசிக் கண்ணியின் ஊசி 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் புதிய செயின்.

மடிப்பு சைக்கிளில் நெடும்பயணம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அதில் போனால்தான் பயணமே பிடிக்கும். பெரிய சைக்கிளில் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும், அல்லது அதை ஏற்றிக்கொள்ளும் வண்டியைத் தேடி அலைய வேண்டும். மடிப்பு சைக்கிளில் ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கலாம். காலையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பேன், அந்தப் பக்கம் போவேன், திரும்புவதற்கு ரயில் இருக்கிறது. நடுவில் லாரி நெரிசலான ஐம்பது கிலோமீட்டரைப் பஸ்ஸில் தாண்டிவிடலாம், அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி வருவதே இல்லை. ஒருமுறை மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. மடித்து ரயிலேறினேன். எதிர் சீட்டுச் சிறுமி, "அக்கா, இன்னொரு தடவை மடிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். காட்டினேன். மூன்றாவது தடவை அவளே லீவரை மூடினாள். உள்ளங்கையால் அழுத்தணும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

மூட்டையை எங்கே கட்டுவது என்பதுதான் சிக்கல். பின்பகுதி குட்டை, சாதாரணப் பக்கப் பைகளைப் பின் கேரியரில் மாட்டினால் குதிகால் இடிக்கும். சின்னப் பையாக எடுத்து எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளி மாட்டுங்கள், அல்லது முன்னால் மாட்டுங்கள். பிராம்ப்டனில் முன்புறப் பையை மாட்டும் கட்டை ஹேண்டிலில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. அதனால் பை திரும்பாது, ஹேண்டில் மட்டும் திரும்பும். கனத்தோடு ஓட்டும்போது எனக்கு இதைவிட நிம்மதியான அமைப்பு தெரியாது.

நீண்ட மலையிறக்கத்தில் ரிம் பிரேக் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். சின்ன ரிம்மில் உலோகம் குறைவு, சீக்கிரம் சூடேறும். சூடு ஏறினால் டியூபில் அழுத்தம் கூடி டயர் வெடிக்கக்கூடும். பிரேக்கைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்காமல், முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அழுத்தி விடுங்கள். நடுநடுவே நின்று ஆறவிடுங்கள்.

விமானத்தில் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ., எடை 23 கிலோ என்று வரம்பு வைத்திருப்பார்கள். மடித்த பிராம்ப்டன் 58.5, 56.5, 27 செ.மீ., கூட்டினால் 142. மீதியுள்ள 16 செ.மீ.க்குள் பெட்டியின் தடிமன் அடங்க வேண்டும். 20 அங்குலச் சைக்கிளைப் பிரித்துத்தான் அடைக்க வேண்டியிருக்கும். இடது பெடலின் மரை தலைகீழ், கடிகார முள் திசையில் திருகினால்தான் கழலும். கழற்றிய போல்ட்டுகளை ஒரே பையில் போட்டு அந்தப் பையைச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். பின்சக்கரத்தருகே நீட்டிக்கொண்டிருக்கிற கியர் மாற்றியைக் கழற்றி உள்பக்கம் கட்டுங்கள், சாமான் தூக்குகிறவர்கள் போடும்போது முதலில் வளைவது அதுதான். இறங்கி எல்லாவற்றையும் திரும்ப மாட்டியதும் கீல்களைத் தொட்டுப் பார்த்து, ஆளில்லாத இடத்தில் ஒரு சுற்று ஓட்டி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுத்துப் போங்கள்.