மூணு வாரம் முன்னாடின்னா எப்போ?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, காலைல பத்தரைக்கு சர்வர் படுத்துருச்சு. கிட்ல (கோட்ல யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு குறிச்சு வைக்கற சாஃப்ட்வேர்) லாக் எடுத்துப் பாத்தா கலிபோர்னியால இருக்கற எங்க டீம் ஆள் ஒருத்தர் வியாழன் 22:40க்கு ஒரு கமிட் போட்டிருக்கார், அதாவது கோட்ல ஒரு மாத்தத்தைப் பதிஞ்சிருக்கார், சரி இதுதான்னு நானே முடிவு பண்ணி "உங்க நேத்து கமிட்டாலதான் போச்சு"ன்னு குரூப்ல மெசேஜும் தட்டிட்டேன். அந்த 22:40க்குப் பின்னாடி -0700ன்னு ஒண்ணு ஒட்டிட்டு இருந்துச்சு, UTCங்கற உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி நேரம் பின்னாடின்னு அர்த்தம், அதையெல்லாம் யாரு பாக்கறா. நம்ம டைம்ல அது வெள்ளி காலை 11:10. அதாவது சர்வர் விழுந்து நாப்பது நிமிஷம் கழிச்சு, அதைச் சரி பண்ணத்தான் மனுஷன் ராத்திரி தூங்காம உக்காந்து அந்தக் கமிட்டையே போட்டிருக்கார். மானம் போச்சு.

கிட்டைக் குறை சொல்லவும் முடியாது. அது உள்ள வெச்சுக்கறது 1970லேந்து எண்ணின செகண்டும், கமிட் போட்டவரோட டைம்சோனும்தான். காட்டும்போது அவர் ஊர் மணியையே காட்டுது. கிட்டை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் அதுக்குப் போட்ட முதல் கமிட்டே 2005 ஏப்ரல் 7, 15:13, அதே -0700. நம்ம கணக்குல ஏப்ரல் 8 விடிகாலை 3:43. கிட்டுக்கு நட்சத்திரம் பாத்து ஜாதகம் எழுதணும்னா கஷ்டம்தான்.

இந்த மானக்கேட்டுக்கு முன்னாடி நான் ரொம்ப நாளா லாக்ல ரிலேட்டிவ் டேட் வெச்சிருந்தேன். "ரெண்டு மணி நேரம் முன்னாடி", "மூணு நாள் முன்னாடி"ன்னு வரும், படிக்க சுகமா இருக்கும், இன்னிக்கு நேத்து வேலைக்கு அது போதும். ஆனா பதினாலு நாள் தாண்டினா வாரக் கணக்குக்குப் போயிடும், அப்புறம் ஒரு வாரத்துல போட்ட அத்தனை கமிட்டும் வரிசையா "மூணு வாரம் முன்னாடி"ன்னே நிக்கும், இதுல எது செவ்வாய் எது வியாழன்னு சர்வர் லாக்கோட எப்படி பொருத்திப் பாக்கறது? 2019ல வந்த கிட் 2.21 வெர்ஷன்லேந்து ஹியூமன்னு ஒரு ஃபார்மட் இருக்கு, அது கொஞ்சம் புத்திசாலி, இந்த வருஷம்னா வருஷத்தை விட்டுடும், ரெண்டு மூணு நாள்னா கிழமையும் மணியும் மட்டும் காட்டும். ஆனா போன வருஷமோ அதுக்கு முந்தியோ போட்ட கமிட்னா மணியையே முழுங்கிடுது, எனக்கு வேண்டியதே அந்த மணிதான்.

கடைசில கிட்டோட செட்டிங்க்ஸான கான்ஃபிக்ல லாக் டாட் டேட்டுக்கு ஃபார்மட் லோக்கல் போட்டு கிழமை, வருஷம்-மாசம்-தேதி, மணி:நிமிஷம்னு வெச்சுட்டேன். லோக்கல்ங்கறதுதான் முக்கியம், எல்லாம் நம்ம ஊர் மணிக்கு மாறிடும். வருஷத்தை முன்னாடி போட்டதுக்குக் காரணம், 05/06ன்னு எழுதினா எனக்கு ஜூன் அஞ்சு, அந்தக் கலிபோர்னியாக்காரருக்கு மே ஆறு.

இன்னொரு கூத்தும் இருக்கு. லாக்ல சாதாரணமா தெரியறது ஆத்தர் டேட், எழுதின நேரம். ரீபேஸ் பண்ணா, அதாவது பழைய கமிட்டை எடுத்து வேற கமிட் மேல திரும்ப வெச்சா, அது மாறாது, கமிட்டர் டேட்தான், கடைசியா பதிஞ்ச நேரம்தான் மாறும். அதனாலதான் வெள்ளிக்கிழமை கமிட்டுங்க நடுவுல திங்கக்கிழமை ஒண்ணு திருதிருன்னு முழிச்சிட்டு நிக்கும். லாக் கமாண்டோட பிரெட்டி ஆப்ஷன்ல ஃபுல்லர்னு குடுத்தா ரெண்டு தேதியும் வரும், பிரச்சனைன்னு தேடும்போது நான் இப்ப இதைத்தான் மொதல்ல போடறேன்.

டெர்மினல் சரியாயிடுச்சு. பிரவுசர்ல நாங்க பாக்கற ஹிஸ்டரிதான் இன்னும் "போன மாசம்"னு மட்டும் சொல்லுது, மவுஸை மேல கொண்டு போனா முழுத் தேதி வரும், ராத்திரி ஃபோன்ல பாக்கறவன் மவுஸுக்கு எங்க போவான்?