512 எம்பி மிச்சம், டெஸ்க்டாப் காலி

லேப்டாப்பில் பைத்தான் 3.12 போட்டாச்சு. பழைய பைத்தான் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குதுன்னு ஒருத்தர் டெர்மினலைத் திறக்கிறார். 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3'. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதள உலகத்தில் யாராவது அடித்துக்கொண்டே இருக்கும் கட்டளை இது. நிர்வாகி அதிகாரத்தோடு ('சூடோ'), மென்பொருளைப் போடவும் நீக்கவும் உதவும் 'ஆப்ட்' வழியாக, பைத்தான் என்ற நிரல்மொழியை நீக்கு என்று அர்த்தம்.

திரையில் ஒரு பெரிய லிஸ்ட் ஓடுகிறது. உபுண்டு-மினிமல், உபுண்டு-டெஸ்க்டாப், அப்டேட் மேனேஜர்... கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதியை யார் படிக்கிறார்கள்? கண் நேராகக் கடைசி வரிக்குப் போகிறது: 'இவ்வளவு எம்பி இடம் காலியாகும்'. ஆஹா! அடுத்து கேள்வி: தொடரலாமா, 'ஒய்'யா 'என்'னா? அதில் ஒய் மட்டும் பெரிய எழுத்து. அப்படியென்றால் சும்மா என்டர் தட்டினாலே சம்மதம். தட்டியாச்சு. ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் லாகின் மட்டும் கண் சிமிட்டுகிறது.

உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பல பைத்தானில் எழுதியவை. அடித்தளத்தை உருவினால் மேல்மாடி தானாகக் கீழே வரும். சிஸ்டத்தோடு வந்த பைத்தானைத் தொடவே கூடாது. வேறு பதிப்பு வேண்டுமா, பக்கத்தில் தனியாகப் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'வென்வ்' (தனி அறை மாதிரி ஒரு பைத்தான் சூழல்) வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமான எதையும் நீக்கும் முன் கட்டளையில் 'மைனஸ் எஸ்' சேர்த்து ஓட்டுங்கள். அது வெறும் ஒத்திகை. என்னென்ன போகும் என்று சொல்லும், ஒன்றையும் தொடாது. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 13-ஆம் பதிப்பில் வரும் ஆப்ட் 3.0 நீக்கப் போவதைச் சிவப்பிலேயே காட்டுகிறது. அதையும் படிக்காமல் என்டர் தட்டுபவருக்கு ஆப்ட் பாவம் என்ன செய்யும்?

'ரிமூவ்' என்பது குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்த மாதிரி. ஆள் போய்விடுவார், சுவரில் அடித்த ஆணியும் காலண்டரும் அங்கேயே இருக்கும். இடிசி ஃபோல்டரில் கிடக்கும் கான்ஃபிக் ஃபைல்கள், அதாவது மென்பொருளின் அமைப்புகளை எழுதி வைக்கும் ஃபைல்கள்தான் அந்த ஆணிகள். மென்பொருள் பட்டியலைக் காட்டும் 'டிபிகேஜி மைனஸ் எல்' அடித்தால் வரியின் தொடக்கத்தில் 'ஆர்சி' என்று இருக்குமே, அதெல்லாம் காலி செய்தும் ஆணி பிடுங்காதவை. 'பர்ஜ்' அடித்தால் ஆணியும் போகும். ஆனால் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் செட்டிங்ஸை பர்ஜும் தொடாது. பிரச்சினை தீரவில்லையென்று அதே மென்பொருளை நாலு தடவை நீக்கி நாலு தடவை போடுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான்.

'ஆட்டோரிமூவ்' வேறு ரகம். ஒரு பேக்கேஜோடு (மென்பொருள் பொட்டலத்தோடு) துணைக்கு வந்து, இப்போது யாருக்கும் வேண்டாமல் உட்கார்ந்திருப்பவற்றை வெளியே அனுப்பும். அதில் உங்களுக்கு வேண்டியது ஏதாவது தெரிந்தால் 'ஆப்ட்-மார்க் மேனுவல்' போட்டுப் பெயரைக் கொடுங்கள், அது தங்கிவிடும்.

இன்னொரு தினசரிக் கூத்து, லாக்: ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேக்கேஜ்களில் கைவைக்காமல் தடுக்கும் பூட்டு. லேப்டாப் திறந்த சூட்டோடு இன்ஸ்டால் அடித்தால் 'லாக் கிடைக்கவில்லை' என்று நிற்கும். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது, அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு வாருங்கள். எங்கேயோ படித்த யோசனையைக் கேட்டு லாக் ஃபைலை அழித்தால், ஒரே பாத்ரூமுக்குள் இரண்டு பேர் நுழைந்த கதை. பாதியில் நின்றுபோன பேக்கேஜ்களுக்கு மருந்து 'சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ'.

சரி, கறுப்புத் திரைக்காரர்? பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனால் வார், லாக், ஆப்ட் என்று இறங்கி ஹிஸ்டரி டாட் லாக் ஃபைலைப் பார்க்கலாம். எந்தத் தேதி, எந்தக் கட்டளை, எதெல்லாம் போனது என்று வரவு செலவுக் கணக்கு மாதிரி எழுதியிருக்கும். இன்டர்நெட் தப்பிப் பிழைத்திருந்தால் 'சூடோ ஆப்ட் அப்டேட்', அப்புறம் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்'. இறங்கி முடிக்க நேரமாகும். அதுவரை ஆல்ட்டோடு ஒரு எஃப் கீயை அழுத்தி அடுத்த திரைக்குப் போய் 'ஆப்ட் மூ' அடித்துப் பாருங்கள். ஒரு பசு மாடு வந்து, இன்று நீங்கள் 'மூ' சொன்னீர்களா என்று விசாரிக்கும். அதற்கு சூடோகூட வேண்டாம்.