ஒன்றரை ஷிப்ட் உடம்பு

திருப்பூரில் இருவர் சந்தித்தால் "எத்தனை ஷிப்ட் ஓட்டறீங்க?" என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். காலை எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குள் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடிகிறது. அதோடு கிளம்புகிறவர்கள் குறைவு. ராத்திரி எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், மகளிர் குழுத் தவணை எல்லாம் அந்த அரை ஷிப்டில்தான் நடக்கின்றன. ஷிப்மென்ட் நெருங்கிவிட்டால் விடிய விடிய வேலை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, திங்கட்கிழமை மறுபடியும் எட்டரை.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றாநோய்ப் பிரிவு நர்ஸ். எங்கள் ஆட்கள் சொல்வதுபோலச் சொன்னால் 'சுகர், பி.பி. பாக்கற சிஸ்டர்'. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது வீடு வீடாகப் போனோம். மற்ற ஊர்களில் அது எப்படி நடந்ததோ, எங்கள் பகுதியில் பகலில் போனால் லைன் வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். திண்ணையில் ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை, அவ்வளவுதான். முப்பது வயது தாண்டிய எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது கணக்கு. அந்த எல்லோரும் கம்பெனிக்குள் இருந்தார்கள். 2024இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் என்று வேலை செய்யும் இடத்துக்கே போகச் சொன்னதும்தான் ஆட்களைக் கண்ணால் பார்த்தோம்.

கம்பெனியில் கேம்ப் என்றால் கட்டிங் டேபிளில் ஒரு மூலையை ஒதுக்கித் தருவார்கள். துணிக்கட்டுகளைத் தள்ளி வைத்துவிட்டு பி.பி. மெஷினையும் குளுக்கோமீட்டரையும் வைப்போம். லைன் நிற்கக்கூடாது என்பதால் நான்கைந்து பேராகத்தான் அனுப்புவார்கள். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் ஒருவர் எழுந்துவிட்டால் அவருக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும் ஃப்ளாட்லாக் மெஷின்காரருக்குப் பீஸ் போகாது. வருகிறவர் மூச்சு வாங்க ஓடி வருவார், நின்றபடியே கையை நீட்டுவார். ரத்த அழுத்தம் பார்க்க ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார வேண்டும். உட்கார வைத்தால் சூப்பர்வைசர் எங்களைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். ஓடி வந்த மூச்சில் எடுத்த அளவை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை எழுத முடியாது. சில நேரம் அந்த ஐந்து நிமிடத்தில் 150 இருந்தது 134க்கு இறங்கிவிடும். "உக்காந்ததே மருந்தாட்டம் இருக்குதுங்" என்று ஒரு அயர்னிங் மாஸ்டர் சிரித்தார்.

பார்த்து முடித்ததும் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுப்போம். உப்பைக் குறையுங்கள், காய்கறி சேருங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள், ஏழெட்டு மணி நேரம் தூங்குங்கள், மன அழுத்தத்தைத் தவிருங்கள். எல்லாம் சரியான தகவல்தான். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு அம்மா அதை நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாஞ் சரிங் சிஸ்டர். எப்பன்னு இதுல போடலீங்களே" என்றார்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை 168. இந்த அளவு 126ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்து உறுதி செய்வோம். நான் பொதுவாக "என்ன சாப்பிடறீங்க" என்று கேட்பதில்லை. கேட்டால் "சாப்பாடுதான்" என்று பதில் வரும். "நேத்துக் காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுத்த வரைக்கும் சொல்லுங்கக்கா" என்று கேட்பேன்.

அவர் சொன்னார். நாலரைக்கு எழுந்தது. தண்ணீர் விடுகிற நாள் என்றால் அதற்கும் முன்னால். சோறு, குழம்பு, நான்கு டிபன் பாக்ஸ். ஏழே முக்காலுக்கு நின்றபடி ஒரு டீ, எட்டு மணிக்குக் கம்பெனி வேன். பதினொரு மணிக்கு டீ, ஒரு பன். மதியம் டப்பா நிறையச் சோறு, குழம்பு, ஓரத்தில் ஒரு கை பொரியல். நான்கு மணி வாக்கில் ஒரு டீ. ஓவர்டைம் ஆரம்பிக்கும்போது கம்பெனி தரும் டீயும் இரண்டு போண்டாவும். ஒன்பதரைக்கு வீடு. மாவு இருந்தால் தோசை, இல்லையென்றால் மகன் வாங்கி வந்த பரோட்டா. சாப்பிட்டு முடிக்கப் பத்தரை. பாத்திரம் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் போன். "அதுதாங் எனக்குன்னு இருக்கற நேரம், அதையும் புடுங்கிராதீங்" என்றார். படுக்கும்போது பதினொன்றரை தாண்டிவிடும்.

நான்கு டீ. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருக்கும். ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தாலும் 40 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த அம்மாவுக்கு இனிப்பே பிடிக்காதாம். "லட்டு கூடத் தொட மாட்டேனுங்" என்று சத்தியம் செய்தார். அது பொய்யில்லை. டீயை அவர் இனிப்பில் சேர்க்கவில்லை. பசியைத் தள்ளிப் போடுகிற பொருள் அது.

தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டேன். அரை பாட்டில். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் டேபிளில் பீஸ் குவியும், குவிந்தால் பேச்சு. சிறுநீர்த் தொற்றோடு எங்களிடம் வரும் பெண்களில் பலர் இப்படித் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள். சர்க்கரையும் இருந்துவிட்டால் தொற்று இன்னும் லேசில் விடாது. "நெறையத் தண்ணி குடிங்க" என்று சொல்வதற்கு எங்களுக்கு ஒரு நொடி போதும்.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அங்கே ஓடிய மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953இல் லான்செட் இதழில் எழுதினார். ஒரே பஸ், ஒரே நிர்வாகம், ஏறக்குறைய ஒரே மாதிரி வீடு. டிரைவர் உட்கார்ந்தே இருப்பவர். கண்டக்டர் ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல் ஏறி இறங்குபவர். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்திருந்தது. பிறகு யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் பேன்ட் இடுப்பு பெரிதாக இருந்தது. கொஞ்சம் பருத்தவர்களே டிரைவர் வேலையைத் தேடிப் போயிருக்கலாம் இல்லையா என்ற கேள்வியும் எழுந்தது, நியாயமான கேள்விதான். ஆனாலும் ஒருவர் பிழைப்புக்காகச் செய்யும் வேலையே அவர் இதயத்தில் கணக்கு எழுதுகிறது என்பதை அதற்கப்புறம் யாரும் லேசாகத் தள்ளிவிட முடியவில்லை.

பனியன் கம்பெனிக்குள் அந்த டிரைவர் டெய்லர்தான். கழுத்தைக் குனிந்து பன்னிரண்டு மணி நேரம். கழுத்து வலி, இடுப்பு வலி, மூலம். வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரை பாக்கெட்டிலேயே இருக்கும். அந்த மாத்திரைகளில் பலவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும், நாள்பட்டால் கிட்னியைப் பதம் பார்க்கும். நாங்கள் பி.பி.க்கு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்போம், அது இறங்காமல் அடம்பிடிக்கும். மெதுவாக விசாரித்தால் மேல்பாக்கெட்டில் இருந்து அந்த அட்டை வெளியே வரும்.

ஆனால் கண்டக்டர் என்று சொல்ல இங்கே ஆள் இல்லை. செக்கிங் பெண்கள் நிற்கிறார்கள், நடப்பதில்லை. நிற்பது உடற்பயிற்சி ஆகாது. ரத்தம் காலிலேயே தேங்கி, கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகத் தெரியும். துணிக்கடைப் பெண்கள் உட்பட எல்லாக் கடை ஊழியர்களுக்கும் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது எல்லோரும் பாராட்டினோம். தொழிற்சாலையில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 44ஆம் பிரிவில் எழுதி வைத்திருந்தது. நாங்கள் போன ஒரு கம்பெனியில் ஸ்டூல்கள் இருந்தன. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும் நாளில் டேபிளுக்கு அடியில் இருக்கும், ஆடிட் போனதும் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். அதே கம்பெனி வாசலில் ஜூன் 21க்கு யோகா தின பேனர் கட்டியிருந்தார்கள். யோகா மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டிருந்தால் முதுகை வளைக்கும் ஆசனம் பாதிக்கு மேல் தேவைப்பட்டிருக்காது.

தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ராத்திரி பகல் ஓடுகின்றன, ஆட்களும் வாரத்துக்கு வாரம் மாறி மாறி ஓடுகிறார்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். காலையில் சாப்பிட்ட அதே இட்லியை நள்ளிரவில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், ஏனென்றால் அந்த நேரத்தில் இன்சுலின் அவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்யாது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் கூடும், அதுவும் காரமும் எண்ணெயும் இனிப்பும் தேடும் பசி. நைட் டூட்டி பார்த்த எந்த நர்ஸுக்கும் இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு வார்டில் மிக்சர் பாக்கெட் திறக்கும் சத்தம் எங்களுக்கெல்லாம் தெரியும்.

ஒரு பவர் டேபிள் டெய்லர் நெஞ்சு படபடப்பு என்று மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருந்தார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது, தைராய்டும் சரி. "கேஸா இருக்குமுங்" என்று அவரே ஒரு முடிவுக்கு வந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு இரண்டு கேள்விகள் சொல்லித் தந்திருக்கிறார்கள். கடந்த இரண்டு வாரத்தில் முன்பு பிடித்திருந்த எதிலாவது ஆர்வம் போய்விட்டதா? மனசு பாரமாக, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? அதை அப்படியே கேட்டால் திருப்பூரில் பதில் கிடைக்காது. "அண்ணா, ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க" என்று கேட்டேன். முன்பெல்லாம் பையனைக் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போவாராம், இப்போது போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாராம். ஏன் என்றதற்குச் சொல்ல மாட்டாமல் போனை எடுத்துக் காட்டினார். ஆப்பில் வாங்கிய கடன், அதை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்கிய கடன். ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்து கணக்குப் போடுகிறார். அவர் சொன்ன படபடப்பு பொய்யில்லை. தூக்கம் கெட்டு, கவலை ஏறி, அதைச் சமாளிக்க பீடியும் டீயும் கூடி, இதயம் வேகமாக அடிக்கிறது. மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் டெலி மனஸின் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். "என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டீங்ளா சிஸ்டர்?" என்றார். "சுகர் இருக்கறவங்கள நான் என்னன்னு நெனைக்கறேன்னு கேட்டீங்ளா?" என்றேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பேசினாரா என்று தெரியாது. அடுத்த மாதம் மனைவியையும் கூட்டி வந்து கடன் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அந்த அரை ஷிப்டை எங்களால் எடுக்க முடியாது. எடுத்தால் வாடகை போய்விடும். சர்க்கரை நோயாளியைத் திட்டி அனுப்பும் வழக்கம் எங்கள் துறையில் நிறைய உண்டு. "வாயைக் கட்டு" என்பார்கள். வாயை மட்டும் கட்டி ஒரு பயனும் இல்லை என்பது என் எண்ணம். அந்த நாளுக்குள் அவர் கைவசம் இருக்கும் சின்னச் சின்ன இடங்களைத் தேடுவதுதான் என் வேலை என்று வைத்திருக்கிறேன்.

அந்த செக்கிங் அம்மாவுக்கு டாக்டர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை எழுதினார். காலையில் வெறும் டீயோடு போட்டு, வயிறு பிரட்டி, ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார். அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். அவர் நாளில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு மதியத்தில்தான் வருகிறது. டாக்டரிடம் சொல்லி வேளையை மாற்றி, மாத்திரையை டிபன் பாக்ஸ் பையிலேயே வைக்கச் சொன்னோம். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, வேகவைத்த பாசிப்பயறோ முட்டையோ வைத்துக்கொள்ளச் சொன்னோம். சாப்பிட்டதும் பத்து நிமிடம் கம்பெனி காம்பவுண்டுக்குள் நடை. சாப்பாட்டுக்குப் பின் தசைகள் அசைந்தால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அவை நேராக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பூங்காவும் வேண்டாம், ஷூவும் வேண்டாம். முதலில் அவர் தனியாக நடந்தபோது சிரித்தார்களாம். இப்போது ஐந்தாறு பேர் சேர்ந்து நடக்கிறார்கள், சீரியல் கதை பேசிக்கொண்டு.

டீ போடும் அண்ணனிடமும் பேசிப் பார்த்தோம். சர்க்கரையைத் தனியாக வையுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்றோம். "டம்ளரு டம்ளரா கலக்கிட்டு நின்னா பிரேக் முடிஞ்சுரும்" என்றார், அதுவும் உண்மை. கடைசியில் இரண்டு கேன் வந்தது. சர்க்கரை கம்மி கேனில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். அந்த கேன் சீக்கிரம் காலியாகிவிடுகிறது, அதனால் சில நாள் அதற்குச் சண்டையும் நடக்கிறது.

அந்த அம்மாவின் சர்க்கரை இப்போது 130ஐ ஒட்டி நிற்கிறது. ஆடித் தள்ளுபடி ஆர்டர்கள் வந்த மாதத்தில் மறுபடி ஏறியது, பிறகு இறங்கியது. தூக்கம் அதே ஐந்து மணி நேரம்தான். அதில் நான் கை வைக்க முடியவில்லை, போனிலும் கை வைக்கவில்லை.

நிட்டிங் ஆட்களைப் பகல் கேம்ப்பில் பிடிக்கவே முடிவதில்லை, தூங்கிக்கொண்டிருப்பார்கள். ராத்திரி ஷிப்டிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் எங்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர வண்டி யார் தருவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது.