வேறு இனத்துக் கவுன்சலரிடம் மனம்விட்டுப் பேச முடிந்த கதை

வேலையிடத்தில் இனத்தின் பேரால் என்னைத் தொடர்ந்து ஒதுக்கினார்கள். வீட்டில் அதைச் சொல்ல வழியில்லை. தூக்கம் போன பிறகுதான் கவுன்சலிங் போனேன். எனக்குக் கிடைத்தவர் வேறு இனத்துப் பெண்மணி. கனிவானவர்தான். ஆனாலும் பேச்சு ஒட்டவே இல்லை.

அலுவலகக் கூட்டத்தில் நான் சொன்ன யோசனையை யாரும் காதில் வாங்கவில்லை, அதையே என்னை ஒதுக்கியவர்களின் இனத்தவர் ஒருவர் சொன்னதும் பாராட்டினார்கள் என்றேன். "வேறு காரணமும் இருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். எண்ணங்களை இப்படிச் சோதித்துப் பார்ப்பது கவுன்சலிங்கில் வழக்கமான முறை. ஆனால் இனப் பாகுபாட்டால் அடிபட்டு வந்தவரிடம் எடுத்த எடுப்பில் கேட்டால், "நீ சொல்வதை நம்பவில்லை" என்றுதான் கேட்கும். வயதில் மூத்தவரிடம் எதிர்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன். நான் மரியாதைக்காகக் காட்டிய அமைதியை அவர் ஒத்துழையாமை என்று எடுத்துக்கொண்டார். "பெற்றோரை விடுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பார். அவர்களை விட்டுவிட்டு எனக்கென்று தனியாக என்ன யோசிப்பது?

ஆளை மாற்றித் தரச் சொன்னேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன், மாற்றினார்கள். இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை, தயங்காதீர்கள்.

அடுத்தவரும் வேறு இனம்தான். நம் ஆட்களிடம் போனால் விஷயம் வெளியே கசியுமோ என்ற பயம் எனக்கு இருந்ததால், நானும் அப்படி ஒருவரைக் கேட்கவில்லை. முதல் நாளே அவர், "நாம் வேறு வேறு பின்னணியிலிருந்து வருகிறோம். நான் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்வேனோ என்ற கவலை இருக்கிறதா?" என்றார். அப்பாடா என்று இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேட்டில், நோயாளியின் பண்பாட்டுப் பின்னணியை அறிய 16 கேள்விகள் இருக்கின்றன. கடைசிக் கேள்வி ஏறக்குறைய இதுதான் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

"இதை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்றும் கேட்டார். தலை கனக்கிறது, நெஞ்சை அடைக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் சொல்வேன் என்றேன். அதையே பிடித்துக்கொண்டு எது நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அலுவலகக் கூட்டம் தானாகவே பேச்சில் வந்தது. "உங்களுக்கு நடந்தது அநியாயம்" என்று முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே என்ன செய்யலாம் என்று கேட்டார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதையும் சேர்ந்தே யோசித்தோம்.

அவருக்கும் சில விஷயங்கள் பிடிபடாது. "அப்படி இல்லை" என்றால் கோபிக்காமல் திரும்பக் கேட்பார். கவுன்சலிங் போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே, "இனம், பண்பாடு பற்றி உங்களிடம் பேசலாமா?" என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.