மலை இல்லாத ஊரில் ஒரு திருசியமானி

சித்திரை லீவுக்கு எங்கள் தேயிலை மலையூரான தலவாக்கலை வந்தால் எல்லோரும் முதலில் சுவீடன் குளிரைத்தான் விசாரிப்பார்கள். குளிர் நமக்குப் புதிதா? லுண்ட் நகரில் எனக்குப் பழகாதது சமதரைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை இல்லை. டிசம்பரில் மூன்றரை மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த முறை உயர்தரம் படிக்கும் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் வந்து, "அங்க என்ன வேலைக்கா?" என்று கேட்டார்கள். அரியத்தால் ஒளியைப் பிரிக்கும் திருசியமானி அவர்களுக்குத் தெரியும். நாங்கள் வடிவமைப்பதில் ஒளிக்குப் பதில் அணுக்கருத் துகளான நியூத்திரன். மின்னேற்றம் இல்லாததால் அது திண்மத்துக்குள் ஆழமாகப் போகும். உள்ளே அணுக்களில் பட்டுத் தெறிக்கும்போது அதன் சக்தி எவ்வளவு மாறியது என்று அளந்தால், அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பது தெரியும். இந்த முறைக்கு வழிவகுத்த கனடியர் பெர்ட்ராம் புரொக்ஹவுசுக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது.

லுண்டில் எழும் நியூத்திரன் ஆய்வு நிலையத்தில் செக்கனுக்கு 14 தடவை புரோத்தன் கற்றை சுழலும் தங்குதன் சில்லில் மோதி நியூத்திரன்களை உதிர்க்கும். அங்கிருந்து 150 மீட்டருக்கும் அப்பால் நாங்கள் ஆராயும் பொருளின் மாதிரி. செக்கனுக்கு 1,000 மீட்டர் ஓடும் நியூத்திரன் வந்து சேருமுன் அடுத்த இரண்டு துடிப்புகள் கிளம்பிவிடும். பின்னால் வரும் வேகமானவை முந்திக்கொண்டு கலந்துவிடும். ஆகவே வழியில் துளையிட்ட வட்டத்தட்டுகளைச் சுழலவிட்டு, வேண்டிய வேகத்தை மட்டும் அனுப்புகிறோம். ஃபெக்டரிச் சல்லடையில் தூளைத் தரம் பிரித்த அப்பாவுக்கு இது உடனே பிடிபட்டது.

என் பங்கு, வேண்டாத நியூத்திரன்களைத் தடுக்கும் கேடயம். காற்றுகூட நியூத்திரனைச் சிதறடிக்கும் என்பதால் உணரிகள் வெற்றிடத் தொட்டிக்குள் இருக்கும். சுவர்களுக்கு, நியூத்திரனை விழுங்கும் போரன் கலந்த பூச்சு. கவனிக்காத ஓர் இடுக்கு போதும், அதன்வழி கசிபவற்றில் தேடுகிற மெல்லிய சமிக்ஞை மூழ்கிவிடும். வடிவமைப்புக் கூட்டத்தில் தலைவரைப் பேர் சொல்லி அழைத்து, "இந்த மூலைக்குப் போரன் போதாது" என்று சொல்ல வேண்டும். தொரை வந்தால் ஒதுங்கி நின்றவர்களின் பேத்தி நான். தொண்டை அடைத்தது. ஆனாலும் கணக்கைக் காட்டிச் சொன்னேன்; மறுபடி கணித்துப் பார்த்து வரைபடத்தை மாற்றினார்கள். அந்த ஊர் எனக்குச் சொந்தமாகத் தொடங்கியது அன்றுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை குறுக்கிட்டு, "அப்ப கொழுந்துக்குள்ள தண்ணி அசையறதையும் பார்க்கலாமாக்கா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். எக்ஸ் கதிருக்குத் தண்ணீரில் உள்ள ஐதரசன் அநேகமாகப் புலப்படாது. நியூத்திரனையோ அது மிக வலுவாகச் சிதறடிக்கும். அடுத்த கேள்வியை அதற்குள் தயாராக வைத்திருந்தாள்.